பதிவு வேறு, குறிப்பு வேறு

பல்கலைக்கழக மாணவர் நாள்தோறும் செய்கிற, ஆனால் எந்தப் பாடத்திட்டமும் கற்றுத் தராத வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் குறிப்பெடுத்தல். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பலகையில் எழுதியதை அப்படியே நோட்டில் பார்த்து எழுதினோம். கையெழுத்து அழகாக இருந்தால் பாராட்டும் கிடைத்தது. இடைநிலைப்பள்ளியில் பயிற்சி நூல்கள் வந்தன; அவற்றில் குறிப்புகளை அச்சிட்டே கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் வாரத்தில் நிலைமை தலைகீழாகிறது. இருநூறு பேர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளர் ஒரு மணி நேரத்தில் அறுபது ஸ்லைடுகளைக் கடந்து போய்விடுகிறார். "இதை எழுதிக்கொள்ளுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று அன்றுமுதல் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு இன்றைய மாணவர் கண்டிருக்கும் தீர்வு எளிமையானது. எதையும் விடாமல் எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்கிறோம். கைப்பேசி ஸ்லைடுகளைப் படம் பிடிக்கிறது. ஒரு செயலி விரிவுரையாளரின் குரலைப் பதிவு செய்து எழுத்தாக மாற்றித் தருகிறது. இன்னொரு செயலி அந்த எழுத்தைச் சுருக்கித் தருகிறது. மூத்த மாணவர்களின் கோப்புகள் டெலிகிராம் குழுவில் வந்து குவிகின்றன. இவ்வளவு வசதி இருப்பது நல்லதுதான். ஆனால் பதிவு வேறு, குறிப்பு வேறு. பதிவு என்பது விரிவுரையாளர் சொன்னது. குறிப்பு என்பது அதைக் கேட்ட நாம் அதற்குச் சொன்ன பதில். முதலாவதைக் கருவி செய்துவிடும். இரண்டாவதை நாம்தான் செய்ய வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கருவிகளைப் பயன்படுத்தினால் அவற்றைப்போல் நல்ல துணை வேறில்லை என்பதே நான் கண்ட அனுபவம்.

எல்லாம் இருக்கிறது, ஒன்றும் வரவில்லை

பேரவையின் படிப்பு வட்டத்தில் மூன்று ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களோடு அமர்ந்து வருகிறேன். வியாழக்கிழமை இரவு, மாமாக் கடையில் பொட்டலம் கட்டி வாங்கி வந்த தே தாரிக்கோடு தொடங்கும் வட்டம் அது. சென்ற ஆண்டு அங்கே ஒரு தங்கை வந்து சேர்ந்தார். குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வந்த முதல் ஆள். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கிறார். முதல் தவணையில் இரண்டு பாடங்களில் தோல்வி; சராசரிப் புள்ளி 2.0-க்குக் கீழே போய்விட்டது. இன்னொரு தவணை இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலை.

சோம்பேறி என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. கைப்பேசியைத் திறந்து காட்டினார். பாடவாரியாக உறைகள், ஒவ்வோர் உறையிலும் தேதிவாரியாக ஸ்லைடுப் படங்கள், எல்லா விரிவுரைகளின் குரல் பதிவுகள். என் நண்பர்களில் யாரிடமும் இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

"அண்ணா, எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன். ஒரு கிளாஸ்கூட விட்டதில்ல. ஆனா கேள்வியப் பார்த்தா ஒன்னுமே வரமாட்டேங்குது" என்றார்.

அவர் படிப்பது பொருளாதாரம். "சரிம்மா, போன கீழே வை. எலாஸ்டிசிட்டின்னா என்ன? உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு" என்றேன்.

கை தானாகவே கைப்பேசியை நோக்கிப் போனது. "அதுக்குப் படம் இருக்குண்ணா, ஒரு நிமிஷம்..."

அந்த ஒரு நிமிடம் தேர்வு மண்டபத்தில் கிடைக்காது. படம் கைப்பேசியில் இருந்தது. பாடம் அவரிடம் இல்லை. பொத்தானை அழுத்திய ஒவ்வொரு முறையும் "இது என்னிடம் இருக்கிறது" என்ற நிம்மதி அவருக்குக் கிடைத்திருக்கிறது. பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த அந்த "பிறகு" தவணை முடியும்வரை வரவேயில்லை. படிப்பு வட்டத்தில் நான் பார்த்த முதலாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய இதே நிலையில்தான் வருகிறார்கள். ஆகவே இதை ஒருவரின் குறையாக நான் எண்ணவில்லை.

பேனாவா, விசைப்பலகையா?

"அப்படியானால் கணினியை மூடிவிட்டுப் பேனாவை எடுப்பதுதானே தீர்வு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2014-இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு உரைகளைக் காட்டி, சிலரை மடிக்கணினியிலும் சிலரைக் கையாலும் குறிப்பெடுக்கச் செய்தார்கள். மடிக்கணினிக்காரர்கள் அதிகச் சொற்களை எழுதினார்கள். ஆனால் கேட்ட வாக்கியங்களையே பெரும்பாலும் திருப்பி எழுதினார்கள். கருத்தைத் தொடும் கேள்விகளில் கையால் எழுதியவர்களே மேலாக விடையளித்தார்கள். "சொன்னதை அப்படியே எழுதாதீர்கள்" என்று முன்கூட்டியே எச்சரித்தும் மடிக்கணினிக்காரர்களின் பழக்கம் மாறவில்லை.

இந்த ஆய்வு உலகெங்கும் பரவியது. சில விரிவுரையாளர்கள் வகுப்பில் மடிக்கணினியைத் தடை செய்யவும் இதையே ஆதாரம் காட்டினார்கள். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையை மறுபடி செய்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டபோது, மடிக்கணினிக்காரர்கள் அதிகமாகவும் அப்படியேயும் எழுதினார்கள் என்பது மீண்டும் உறுதியானது. தேர்வு மதிப்பெண்ணிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பேனா நல்லது, விசைப்பலகை கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல இடமில்லை. விசைப்பலகை நம்மை நகலெடுக்கத் தூண்டுகிறது என்பது மட்டும் உண்மை. அந்தத் தூண்டுதலை அடக்கத் தெரிந்தவருக்கு எந்தக் கருவியும் பயன்படும். தெரியாதவர் பேனாவாலும் நகல்தான் எடுப்பார். தமிழ்ப்பள்ளியில் நாம் பலகையைப் பார்த்து எழுதியது பேனாவால்தானே!

மூன்று மொழிகள், ஒரு மூளை

நம் மாணவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மற்றவர்களுக்காக எழுதப்பட்ட படிப்பு வழிகாட்டி நூல்களில் அதைக் காண முடியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழில் கற்றோம். இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறினோம். பல்கலைக்கழகத்தில் ஸ்லைடும் பாடநூலும் பெரும்பாலும் ஆங்கிலம். இடையில் கொள்கைகளும் மாறின. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003-இல் தொடங்கியது. 2009-இல் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. நம் மூத்தவர்களில் ஒரு தலைமுறை அந்த மாற்றங்களுக்கு நடுவிலேயே படித்து முடித்தது.

இதனால் ஒன்று நேர்கிறது. புரியாத ஒரு மொழியிலும் நம்மால் அழகாக நகலெடுக்க முடியும். ஆங்கில வாக்கியத்தை ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்துவிடலாம். பொருள் உள்ளே போனதா இல்லையா என்று அந்த வாக்கியம் நமக்குக் காட்டிக்கொடுக்காது. அதே கருத்தைத் தமிழில் சொல்ல முயலும்போதுதான் குட்டு வெளிப்படும். புரியாத இடத்தில் நாக்கு நின்றுவிடும். அப்படி நின்ற இடம்தான் நாம் படிக்க வேண்டிய இடம்.

அந்தத் தங்கையிடம் இதைத்தான் செய்து பார்க்கச் சொன்னேன். பாடநூலில் எலாஸ்டிசிட்டிக்கு இருக்கும் இலக்கணம், தேவையின் அளவில் ஏற்படும் விழுக்காட்டு மாற்றத்தை விலையில் ஏற்படும் விழுக்காட்டு மாற்றத்தால் வகுப்பது என்பது. இதை மனப்பாடம் செய்வது எளிது. "டுரியான் விற்கிற ஆளுக்கு இத எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் எழுதியதன் சாரம் இது:

"டுரியான் கிலோ 10 ரிங்கிட். நாளைக்கு 100 கிலோ போகுது. 11 ரிங்கிட் ஆக்கினா 80 கிலோதான் போகுதுன்னு வச்சுக்குவோம். விலை 10 விழுக்காடு ஏறிச்சு, வாங்குறது 20 விழுக்காடு குறைஞ்சிருச்சு. நெகிழ்ச்சி 2. முன்னே 1,000 ரிங்கிட் வந்தது, இப்ப 880தான். விலைய ஏத்தி நட்டம். அரிசின்னா அப்படி இல்ல. அதே 10 விழுக்காடு ஏத்தினா 100 கிலோ 98 ஆகும். சாப்பிடாம இருக்க முடியாதே! 1,078 ரிங்கிட் வரும். விலைய ஏத்தி லாபம்."

எண்கள் அவர் கற்பனை செய்தவைதாம். ஆனால் ஒரு விரிவுரை முழுவதும் இந்தச் சில வரிகளில் அடங்கிவிட்டது. வருமானம் ஏன் ஒன்றில் குறைகிறது, ஒன்றில் கூடுகிறது என்பது ஸ்லைடில் தனியாக எழுதப்பட்டிருக்கவில்லை. அதை அவரே கண்டுபிடித்தார். இனி அது மறக்காது.

தமிழில் எழுதினால் தேர்வை எப்படி எழுதுவது என்ற கேள்வி எழும். கலைச்சொற்களை மாற்ற வேண்டியதில்லை. தேர்வில் எந்த மொழியில் வருமோ அந்த மொழியிலேயே அவற்றை வைத்துக்கொள்ளலாம். விளக்கம் மட்டும் நம் மொழியில் இருக்கட்டும். அதன்கீழ் அதே விளக்கத்தை இரண்டு வரிகளில் ஆங்கிலத்தில் எழுதிவிட வேண்டும். அந்த இரண்டு வரிகள்தாம் தேர்வு மண்டபத்தில் கைகொடுக்கும். கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் பாடங்களுக்கு இந்த முறை அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பதே குறிப்பு. வீட்டில் மலாயோ ஆங்கிலமோ பேசி வளர்ந்த நண்பர்களுக்கு அந்த மொழியே இந்த வேலையைச் செய்யும். அம்மாவிடம் நாம் வாதாடும் மொழி எதுவோ, அந்த மொழியில் விளக்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

தமிழில் தட்டச்சு

"தமிழில் தட்டச்சு செய்ய நேரமாகுமே" என்பது அடுத்த தயக்கம். இதைச் சொல்லும் உரிமை நமக்குத்தான் குறைவு. ஏனென்றால் கணினித் தமிழின் வரலாற்றில் நம் மண்ணுக்குப் பெரிய பங்குண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது 1980-களின் நடுவில். தமிழ் இணையத்திற்கான முதல் மாநாடு 1997-இல் சிங்கப்பூரில் நடந்தது. கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்த செல்லினம் 2005-இல் அறிமுகமானது.

அந்த நாள்களில் பேரவை மலருக்குக் கட்டுரை அனுப்பிய மூத்தவர்கள் எழுத்துருவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மறுமுனையில் தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகள்தாம் தெரியும். யூனிகோடு பரவிய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்று விண்டோஸ், மெக், ஆண்ட்ராய்டு, ஐபோன் என எதிலும் தமிழ் விசைப்பலகையைத் தனியாக வாங்க வேண்டியதில்லை; அமைப்புகளுக்குள் போய் இயக்கினால் போதும்.

ரோமன் எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் அஞ்சல் முறை தொடங்குவதற்கு எளிது. நீண்ட காலத்திற்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுவது நல்லது. 1999 சென்னை மாநாட்டையொட்டி உருவான முறை அது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடும். ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளி தானாகவே விழும்; நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே. தமிழ் எழுதும் முறையை அறிந்து அமைத்தது என்பதால் கை விரைவில் பழகிவிடுகிறது. நாளுக்கு இருபது நிமிடம் பழகிய எனக்குப் பத்து நாளில் ஓரளவு வேகம் வந்தது. அதற்கும் பொறுமை இல்லையென்றால் பேசினாலே போதும். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017 முதல் தமிழிலும் இயங்குகிறது. விரிவுரை முடிந்து தங்கும் விடுதிக்கு நடந்து போகும்போதே அன்றைய பாடத்தை நமக்கு நாமே தமிழில் சொல்லிப் பதிந்துகொள்ளலாம்.

நான்கு வேளைகள்

படிப்பு வட்டத்தில் நாங்கள் பின்பற்றும் முறையை இங்கே தருகிறேன். புதிதாகக் கண்டுபிடித்தது எதுவும் இதில் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் 1962-இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய கார்னெல் முறைதான் இதற்கு அடிப்படை. பக்கத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். வலப்பக்கம் அகலமான பத்தியில் குறிப்பு, இடப்பக்கம் குறுகிய பத்தியில் கேள்வி, அடியில் சுருக்கம். ஒன்நோட்டிலோ கூகுள் டாக்ஸிலோ இரண்டு பத்தி கொண்ட ஓர் அட்டவணையைப் போட்டால் பக்கம் தயார்.

முதல் வேளை, விரிவுரைக்கு முன் பத்து நிமிடம். ஸ்லைடுகள் முன்கூட்டியே கிடைத்தால் தலைப்புகளை மட்டும் பார்த்து மூன்று கேள்விகளை இடப்பக்கம் எழுதி வைக்கலாம். விடை தேடிக் கேட்கும் காதுக்கும் சும்மா கேட்கும் காதுக்கும் வேறுபாடு மிகப் பெரியது.

இரண்டாம் வேளை, விரிவுரை நடக்கும்போது. ஸ்லைடில் இருப்பதை எழுத வேண்டாம். அது எப்படியும் பாடத்தளத்தில் கிடைக்கும். ஸ்லைடில் இல்லாமல் விரிவுரையாளர் வாயிலிருந்து வருவதை எழுத வேண்டும். உதாரணம், காரணம், "இங்கேதான் மாணவர்கள் குழம்புவார்கள்" என்ற எச்சரிக்கை ஆகியவையே குறிப்புக்கு உரியவை. படம் எடுப்பதானால் வரைபடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு படத்தின்கீழும் ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரி எழுத முடியாத படம் தேவையற்ற படம். குரல் பதிவு செய்ய விரும்புவோர் முதலில் விரிவுரையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். பதிவு ஓடும்போது புரியாத இடம் வந்தால் "23-ஆம் நிமிடம், புரியவில்லை" என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். அன்று மாலை அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் கேட்டால் போதும். இரண்டு மணி நேர விரிவுரையை மீண்டும் முழுதாகக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை, கேட்பதும் இல்லை.

மூன்றாம் வேளை, அன்றே பதினைந்து நிமிடம். எல்லாவற்றையும் மூடிவிட்டு, நினைவிலிருந்து ஐந்து வரிகள் அடிப்பகுதியில் எழுத வேண்டும். அதன் பிறகே திறந்து பார்த்துத் திருத்த வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் வெளியிட்ட நூலில், மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது என்று காட்டினார். வார இறுதிக்கு என்று தள்ளிவைத்தால் பாதி பாடம் முன்பே போயிருக்கும்.

நான்காம் வேளை, வாரம் ஒருமுறை. வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவர் நடத்திய ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ இரண்டு நாள், ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வுகளில் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டிப் படிப்பது ஏன் அந்த இரவில் மட்டும் நம்பிக்கை தருகிறது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

இந்த நான்காம் வேளையில் கணினி உண்மையிலேயே பேருதவி செய்கிறது. 2006-இல் வெளிவந்த ஆங்கி என்ற செயலியில் கேள்வியை ஒரு பக்கமும் விடையை மறுபக்கமும் இட்டால், நமக்கு மறக்கப்போகும் நேரத்தைக் கணித்து அந்தக் கேள்வியை மீண்டும் கொண்டுவந்து காட்டும். சரியாகச் சொன்ன கேள்வி பல நாள் கழித்து வரும். தவறியது உடனே வரும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆனால் மற்றவர் செய்து வைத்த அட்டைகளை இறக்கிப் பயன்படுத்துவதைவிட நாமே கேள்வி எழுதுவது நல்லது. கேள்வி எழுதத் தெரிந்தாலே பாதி விடை தெரிந்த மாதிரி.

சுருக்கித் தரும் செயலிகள்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஆண்டு நோட்புக்எல்எம் வந்தது. நாற்பது பக்கக் கட்டுரையை அரை நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சுருக்கித் தருகின்றன. இவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சுருக்குவது என்பது எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தீர்மானிக்கும் வேலை. அந்த வேலையைச் செய்கிறவருக்குத்தான் பாடம் சேரும். அதைச் செயலியிடம் கொடுத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது இன்னொருவரின் சுருக்கம்.

ஆகவே அவற்றிடம் சுருக்கம் கேட்பதற்குப் பதிலாகக் கேள்வி கேட்கச் சொல்லலாம். "என் குறிப்பு இது. இதிலிருந்து பத்துக் கேள்விகள் கேள். நான் விடை சொன்னபின் எது தவறு என்று சொல்" என்று கேட்டால் நள்ளிரவிலும் அலுக்காத ஒரு படிப்புத் துணை கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இவை தவறான செய்தியையும் தயக்கமின்றிச் சரியானது போலவே சொல்லும். சந்தேகம் வந்தால் பாடநூலைத் திறக்க வேண்டும். அந்தச் சந்தேகம் வருவதற்கே நமக்குப் பாடம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

நன்னூல் சொன்ன கணக்கு

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நிறைவாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்கு அறிவே கிடைக்கும். உடன் பயில்வோரோடு பழகிக் கலந்து பேசினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைக்கும்போது மீதி அரை என்பது அவர் போட்ட கணக்கு. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய கணக்கு அது. பதிவுக் கருவிகள் எவ்வளவு முன்னேறினாலும் அவை தொடுவது அந்த முதல் கால் பங்கை மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் படிப்பு வட்டத்தில் ஒவ்வொரு வாரமும் ஒருவர் எழுந்து பத்து நிமிடம் மற்றவர்களுக்குப் பாடம் சொல்கிறார். ஸ்லைடு கிடையாது, கையில் ஐந்து வரிக் குறிப்பு மட்டும். அந்தத் தங்கையின் முறை வந்தபோது டுரியான் கணக்கையே எடுத்துக்கொண்டார். பொறியியல் மாணவர் ஒருவர் குறுக்கிட்டு, "அப்ப பெட்ரோலுக்கு?" என்று கேட்டார். சற்றுத் திணறிவிட்டு, "வேலைக்குப் போய்த்தானே ஆகணும், அரிசி மாதிரிதான். ஆனா ரொம்ப நாளாச்சுன்னா சின்ன கார் வாங்குவாங்க, எல்.ஆர்.டி.யில போவாங்க, அப்ப மாறிடும்" என்றார். நாளாக ஆக நெகிழ்ச்சி கூடும் என்பது பாடநூலில் இரண்டு அத்தியாயம் தள்ளி வருகிற செய்தி. அந்தத் தவணையில் எல்லாப் பாடங்களிலும் தேறினார். பெரிய மதிப்பெண் என்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பு நிற்கவில்லை.

குறிப்பு யாருடையது?

கடைசியாக, சேமிப்பைப் பற்றி ஒரு சொல். நம் குறிப்புகள் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கின்றன. எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசப் பயனருக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு என்று வரம்பு விதித்தது. கல்வி நிலையங்களுக்கு அளவில்லாமல் இடம் கொடுத்துவந்த கூகுளும் 2022-இல் அதற்கு வரம்பு கட்டியது. பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டால் அதோடு நான்கு ஆண்டு உழைப்பும் போய்விடலாம். ஆகவே ஒவ்வொரு தவணை முடிவிலும் குறிப்புகளைப் பி.டி.எஃப். ஆகவோ சாதாரண எழுத்துக் கோப்பாகவோ மாற்றி, சொந்தக் கணக்கில் ஒன்றும் கையடக்க வட்டில் ஒன்றுமாக வைத்துக்கொள்வது நல்லது. கோப்புக்குப் பாடக் குறியீடு, வாரம், தலைப்பு என்று ஒரே முறையில் பெயரிட்டால் தேடும்போது கிடைக்கும்.

மூத்த மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இளையவர்களுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நானூறு கோப்புகள் கொண்ட உறையை டெலிகிராமில் அனுப்பிவிடுகிறோம். பெற்றவர் நன்றி சொல்லிவிட்டுத் திறக்காமலே விட்டுவிடுகிறார். நம் குறிப்பு நம் கேள்விகளுக்கு நாம் கண்ட விடை. அடுத்தவர் கேள்வியே கேட்காதபோது அந்த விடை அவருக்கு எதற்கு? கோப்புகளுக்குப் பதிலாக ஒரு பாடத்திற்கு நாற்பது கேள்விகள் எழுதிக் கொடுக்கலாம். எந்த வாரத்தில் நாம் தடுமாறினோம், எந்த அத்தியாயத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது என்று சேர்த்துச் சொல்லலாம். விடை தேடும் வேலை அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

அடுத்த தவணை தொடங்கும்போது எல்லாப் பாடங்களுக்கும் இந்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மிகவும் கடினமாகத் தோன்றும் ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு வாரம் மட்டும் செய்து பாருங்கள். விரிவுரை முடிந்த அன்று இரவே, எல்லாத் திரைகளையும் மூடிவிட்டு, உங்கள் மொழியில் ஐந்து வரிகள். மாணவர் எந்தப் பாடத்தை எடுத்தாலும் அவரை வரவேற்கப் படிப்பு வட்டத்தில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.